டிராக்டரால் பனி தள்ளுவது சுலபம், போட இடம்தான் வேண்டும்

வீட்டில் ஒரு சின்ன டிராக்டர் நின்றால் பனிக்காலக் கவலை தீர்ந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். லோடர் இருக்கிறது, பக்கெட் இருக்கிறது, நாலு சக்கரமும் இழுக்கிறது, அப்புறம் என்ன என்று. தள்ளுவது உண்மையில் பெரிய விஷயமே இல்லை. 25 குதிரைசக்தி வண்டி ஒரு சாண் பனியை அலட்டாமல் தள்ளிக்கொண்டு போகும். தள்ளியதை எங்கே கொண்டு போய்ப் போடுவது என்பதில்தான் சிக்கல், குளிர்காலம் முடியும்வரை பாதை திறந்திருக்குமா, பாதியிலேயே ஒரு கார் நுழைய முடியாத சந்து ஆகிவிடுமா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சாலையிலிருந்து வீடு வரை போகும் நீளமான சரளைப் பாதை, அதாவது டிரைவ்வே ஒன்றைப் பல குளிர்காலமாக நான்தான் சுத்தம் செய்து வருகிறேன். இந்த வருடம் முதன்முதலாக டிராக்டர் வாங்கியிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எடைக் கணக்கு. 80 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம் உள்ள டிரைவ்வே என்று வைத்துக்கொள்வோம். 20 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 56 கன மீட்டர். கடுங்குளிரில் விழும் பொடிப்பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும், அதனால் மொத்தமும் ஐந்தரை டன் சொச்சத்துக்குள் முடிந்துவிடும். அதே 20 சென்டிமீட்டர், பூஜ்ஜிய டிகிரியை ஒட்டி விழும் ஈரப்பனியாக இருந்தால் கன மீட்டருக்கு 200, 300 கிலோ என்று போகும். நீங்கள் நகர்த்த வேண்டியது 11 முதல் 17 டன் வரை ஆகிவிடும். தள்ளப்போகும் வண்டியோ லோடரோடு சேர்த்து ஒரு டன்னைச் சுற்றித்தான். அதனால் வானிலை அறிக்கையில் எத்தனை சென்டிமீட்டர் என்பதைவிட எத்தனை டிகிரியில் விழப்போகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பொடிப்பனி என்றால் நிம்மதியாகத் தூங்கிவிட்டுக் காலையில் தள்ளலாம். ஈரப்பனி என்றால் 10, 15 சென்டிமீட்டர் சேரும்போதே எழுந்து போய் ஒரு முறை தள்ளிவிட்டு வந்து படுப்பது மேல். விடியற்காலையில் குளிர் இறங்கி அது உறைந்துவிட்டால் பிளேடு அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர வெட்டாது.

இப்போது இடம். பருவத்தின் முதல் பனி பெரும்பாலும் கொஞ்சமாகத்தான் விழும், ஓரத்தில் ஒதுக்கிவிட்டால் போதும் என்றுதான் தோன்றும். அப்படி ஒதுக்கிய வரப்பு ஓரிரு நாளில் இறுகிக் கல்லாகிவிடும். அடுத்த பனியை அந்த வரப்பைத் தாண்டித் தள்ள முடியாது, அதற்கு உள்பக்கமாகத்தான் விட வேண்டும். இப்படி ஒவ்வொரு பனிக்கும் இரண்டு பக்கமும் ஒரு அடி, அரை அடி என்று பாதை சுருங்கிக்கொண்டே வரும். எனவே முதல் பனியையே, அது எவ்வளவு குறைவாக இருந்தாலும், பாதையின் விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் வெளியே புல்தரை மேல் கொண்டு போய்த் தள்ளிவிடுங்கள். நல்ல குளிர் வருவதற்குள் அந்த இடத்தைப் பிடித்து வைத்துவிட வேண்டும், பிறகு கிடைக்காது.

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதையும் பாருங்கள். காற்று வரும் பக்கத்தில், பாதையை ஒட்டி உயரமாகக் குவித்தால் அந்தக் குவியலைத் தாண்டியதும் காற்றின் வேகம் தணிந்து, அது சுமந்து வரும் பனியையெல்லாம் சரியாக உங்கள் பாதையில் இறக்கிவிட்டுப் போகும். வானத்திலிருந்து ஒன்றும் விழாத நாளில்கூடப் பாதை மூடிக் கிடக்கும். காற்று போகும் பக்கம் தள்ளினால் இந்த வம்பு இல்லை. பிறகு சரிவு. மேட்டுப் பக்கம் குவித்தால் பகலில் உருகும் நீர் பாதையின் குறுக்கே ஓடி இரவில் கண்ணாடித் தகடாக உறையும், ஆகவே பள்ளப் பக்கம்தான் குவியலுக்கு ஏற்றது. காற்று ஒன்று சொல்லி, சரிவு வேறு ஒன்று சொன்னால்? நான் சரிவின் பக்கம்தான் நிற்பேன். காற்று கொண்டு வந்து போட்ட பனியை மறுபடி தள்ளிவிடலாம், உறைந்த தண்ணீரை அப்படித் தள்ள முடியாது.

குவிக்கவே கூடாத இடங்களும் உண்டு. ஹீட்டரின் புகை வெளியேறும் குழாய் சுவரில் தாழ்வாக இருக்கும் வீடுகளில், அதன் வாயைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே திரும்பும். நிறமோ வாசனையோ கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். காஸ் மீட்டர் மேலும் தள்ளக் கூடாது. செப்டிக் தொட்டிக்கும் அதன் குழாய்களுக்கும் மேலே பனி இளகலாகக் கிடந்தால் அது போர்வை மாதிரி தரையின் சூட்டைக் காக்கும். அங்கே வண்டியை ஓட்டி மிதித்து இறுக்கிவிட்டால் குளிர் ஆழமாக இறங்கி, நடுக் குளிர்காலத்தில் கழிவு நீர்க் குழாய் உறைந்து நிற்கும். இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் தரை இறுகும் முன்பே குச்சி நட்டு வைத்துவிட வேண்டும். இருட்டில் விளக்கு பட்டால் மின்னும் பட்டை ஒட்டிய ஃபைபர் குச்சிகள் நல்லது. வளைவுகளில் நெருக்கமாக நடுங்கள், நேர்ப் பாதையில் இடைவெளி விட்டால் போதும். தரை உறைந்த பிறகு குச்சி இறங்காது, துளை போடத்தான் வேண்டியிருக்கும்.

டிரைவ்வே சாலையைச் சந்திக்கும் வாய் இருக்கிறதே, அது தனித் தலைவலி. நீங்கள் அழகாகச் சுத்தம் செய்து முடித்து, வண்டியை ஷெட்டில் விட்டு, கையுறையைக் கழற்றும் நேரம் பார்த்து சாலைப் பனியகற்றும் லாரி வந்து வாயில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும். அது சாதாரணப் பனி இல்லை. சாலையில் மிதிபட்டு, உப்பும் சேறும் கலந்து, கட்டிகட்டியாக உருண்டு வந்து விழுந்த கனமான சரக்கு. இதற்குப் பெரும்பாலும் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. லாரி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம், வாய்க்குச் சற்று முன்னால், சாலை ஓரத்தை ஒட்டி சில மீட்டர் நீளத்துக்கு ஒரு வெற்றிடம் வெட்டி வைத்துவிடுங்கள். லாரியின் பிளேடில் சேர்ந்து வரும் பனி அந்தக் காலி இடத்தில் விழுந்துவிட்டு உங்கள் வாய்க்கு வரும்போது பிளேடு ஏறக்குறையக் காலியாக இருக்கும். அப்படியும் வரப்பு விழுந்தால் அன்றே எடுத்துவிடுங்கள். ஓர் இரவு விட்டால் அதைப் பக்கெட்டின் விளிம்பால் கொத்த வேண்டிவரும். அதைச் சாலையின் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும் ஆசை வரும், பல இடங்களில் அது சட்டப்படியே தப்பு, தவிர சாலையின் குறுக்கே நீங்கள் சிந்திவிட்டுப் போகும் தடத்தில் இன்னொருவர் வண்டி தூக்கி எறியப்படும்.

கருவிகளைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு, என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். லோடர் பக்கெட் பனி தள்ள மோசமான கருவி, ஆனால் அது இல்லாமலும் முடியாது. தள்ளினால் இரண்டு பக்கமும் வழிந்து வரப்பு விடும், நிரம்பியதும் நிறுத்திக் கொட்ட வேண்டும். குவியலை உயர்த்திக் கட்டுவதற்கும், குவியலையே வேறு இடத்துக்கு மாற்றுவதற்கும் அதைவிட்டால் வேறு இல்லை. தள்ளும் வேலைக்கு என் ஓட்டு பின்பக்க பிளேடுக்குத்தான். டிராக்டரின் பின்னால் கருவிகளை மாட்டித் தூக்கும் த்ரீ பாயிண்ட் லிங்கேஜில் மாட்டி, 30 டிகிரி அளவுக்குச் சாய்த்து வைத்துப் போனால் பனி ஒரு பக்கமாகச் சுருண்டு உருண்டு போகும் அழகே தனி. நடுவில் ஒரு தடம் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு பக்கமாக வெளியே நகர்த்துவது என் முறை. பின்பக்க லிஃப்ட் கீழே அழுத்தாது, பிளேடு தன் எடையில்தான் உட்காரும் என்று குறை சொல்வார்கள். சரளைப் பாதைக்கு அதுதான் நல்லது.

ஸ்னோ புளோயர், பனி போட இடமே இல்லாதவர்களுக்கும், காற்று அடித்து ஆளுயரம் சேரும் இடங்களுக்கும். பனியைத் தூக்கித் தூர எறிவதால் வரப்பே உருவாகாது, பாதை சுருங்காது. விலை அதிகம், மெதுவாகத்தான் போக வேண்டும், நொசநொசவென்ற ஈரப்பனியில் எறியும் குழாய் அடைத்துக்கொண்டே இருக்கும். பின்பக்க புளோயர் என்றால் முழுத் தூரமும் கழுத்தைத் திருப்பியபடி ரிவர்ஸில் போக வேண்டும், மறுநாள் கழுத்து பேசும். அகலத்தை மட்டும் சரியாகப் பார்த்து வாங்குங்கள், உங்கள் பின் டயர்களின் வெளி விளிம்பு வரை அது மூட வேண்டும். குறைந்தால் டயர் பனியை மிதித்து இறுக்கிக்கொண்டே வரும்.

எந்தக் கருவியாக இருந்தாலும் கடைசியில் எல்லாம் டயரின் பிடியில்தான் வந்து நிற்கிறது. குதிரைசக்தி தீர்ந்து நின்ற டிராக்டரை நான் பார்த்ததே இல்லை, பிடி இல்லாமல் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றுவதைத்தான் பார்த்திருக்கிறேன். முன்னால் லோடர் தொங்குவதால் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. பின்னால் கனம் வேண்டும், பிளேடோ புளோயரோ மாட்டியிருந்தால் அதுவே ஒரு கனம், இல்லையென்றால் கான்கிரீட் நிரப்பிய எடைப் பெட்டி. டயருக்குள் உறையாத திரவம் நிரப்புவதும் உண்டு. வெறும் தண்ணீர் மட்டும் வேண்டாம், உறைந்துவிடும். அப்புறம் டயரைச் சுற்றி மாட்டும் செயின். பனியைவிட, ஐஸுக்குத்தான் செயின் வேண்டும். ஏணி மாதிரி குறுக்குச் சங்கிலி மட்டும் உள்ளவை முன்னும் பின்னும் நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் வழுக்கும். சரிவான பாதை என்றால் குறுக்கும் நெடுக்குமாக வலை போல வரும் வகைதான் சரி. மாட்டியதும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கி மறுபடி இறுக்குங்கள், எப்போதும் தளர்ந்திருக்கும். மட்கார்டிலும் ஹைட்ராலிக் குழாயிலும் உரசாமல் இடைவெளி இருக்கிறதா என்று சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை பார்த்துவிடுங்கள்.

சரிவைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமாக இருந்தது எனக்கு அங்கேதான். இந்தச் சின்ன டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். பக்கெட் நிறையப் பனியோடு, டூ வீல் டிரைவில், இறக்கத்தில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை முழுக்க முன் அச்சுக்குப் போய்விடும், பின் சக்கரம் தரையை லேசாகத் தொட்டுக்கொண்டு வரும். பிரேக்கை மிதித்தால் பின் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. செயினின் சத்தம் சட்டென்று அடங்கி, இருக்கைக்குக் கீழே வண்டியின் பின்பாகம் மெல்லப் பக்கவாட்டில் நகரும். அந்த நேரத்தில் பிரேக்கை இன்னும் அழுத்தத்தான் கால் துடிக்கும். செய்ய வேண்டியது, பக்கெட்டைத் தரையில் இறக்குவது. பக்கெட் தரையில் பதிந்தால் அதுவே நங்கூரம். இறக்கத்தில் கால் வைப்பதற்கு முன்பே ஃபோர் வீல் டிரைவில் போட்டு, லோ ரேஞ்சில், பக்கெட்டைத் தரையோடு தரையாக வைத்துக்கொண்டு இறங்கினால் இந்த நிலையே வராது, ஃபோர் வீலில் எஞ்சின் முன் சக்கரங்களையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தும். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பார் நிமிர்த்தியிருக்க வேண்டும், சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும். ஷெட் கதவு தாழ்வாக இருக்கிறது என்று ரோல் பாரை மடக்கி வைத்தே ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன், மடக்கிய ரோல் பார் இருந்தும் இல்லாததுதான். இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரென்ஷியல் லாக்கை நேராகப் போகும்போது மட்டும் மிதியுங்கள், திருப்பத்தில் விட்டுவிடுங்கள்.

சரளைக்கு வருவோம். தரை முழுசாக உறையும் முன் விழும் பனியைக் கடைசி வரை சுரண்டினால் பாதையின் கல்லில் பாதி புல்தரைக்குப் போய்ச் சேரும். முதல் ஒன்றிரண்டு பனிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் விட்டுத் தள்ளுங்கள். அது மிதிபட்டு இறுகி, கல்லோடு சேர்ந்து ஒரு தளமாகிவிடும், அதற்குப் பிறகு அதன் மேல் தைரியமாகச் சுரண்டலாம். பிளேடைப் பின்பக்கமாகத் திருப்பி, வளைந்த முதுகு முன்னால் வரும்படி வைத்தால் கல்லின் மேல் ஏறி ஏறிப் போகும், தோண்டாது. பக்கெட்டின் விளிம்பில், நீளவாக்கில் கீறிய இரும்புக் குழாயைச் செருகிவிடுகிறவர்கள் உண்டு. மலிவான வேலை, அருமையாக உழைக்கும். புளோயர் வைத்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் தரையில் வழுக்கிக்கொண்டு வரும் இரும்புத் தாங்கியை, அதாவது ஷூவை இறக்கி, புளோயரின் வாயைத் தரையிலிருந்து உயர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் பனியோடு கல்லும் பறந்து போய் ஜன்னலைத் தேடும். பக்கெட்டை முழுக்கக் கவிழ்த்து வைத்துப் பின்னோக்கி இழுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. உறைந்த மேடு ஒன்றில் மாட்டினால் பக்கெட்டைக் கவிழ்க்கும் சிலிண்டரின் தண்டு வளைந்துவிடும், மாற்றச் செலவு கூடுதல். லோடரை, தரையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பத் தானே ஏறி இறங்கும் ஃப்ளோட் நிலையில் போட்டு, பக்கெட்டை லேசாக மட்டும் சாய்த்து மெதுவாக இழுத்தால் போதும்.

குளிரில் வண்டியைக் கிளப்புவது தனிக் கதை. கோடையில் நிரப்பிய டீசல் தொட்டியில் அப்படியே கிடந்தால், மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே, சில சமயம் அதற்கும் முன்பே, அதிலுள்ள மெழுகு திரியத் தொடங்கி ஃபில்டரை அடைத்துவிடும். வண்டி கிளம்பிவிடும், நாலு நிமிடம் ஓடிவிட்டுப் பாதி வழியில் மூச்சு முட்டி நிற்கும். குளிர்கால டீசலுக்கு முன்கூட்டியே மாறிவிடுங்கள். உறையாமல் இருக்கக் கலக்கும் மருந்தையும் டீசல் திரியும் முன்பே கலக்க வேண்டும், திரிந்த பிறகு கலந்து பயனில்லை. எஞ்சின் பிளாக் ஹீட்டர் இருந்தால் கிளப்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்னால் செருகினால் போதும். பேட்டரி கடுங்குளிரில் தன் பலத்தில் பாதியைத்தான் கொடுக்கும், ஏற்கெனவே நொண்டும் பேட்டரியை நம்பிக் குளிர்காலத்துக்குள் நுழையாதீர்கள். கிளம்பியதும் உடனே லோடரைத் தூக்காமல் பத்து, பதினைந்து நிமிடம் நிதானமாக ஓட விடுங்கள், ஹைட்ராலிக் எண்ணெய் அப்போது தேன் பதத்தில் இருக்கும், பம்பு சிணுங்கும். அதுவும் கதவு மூடிய ஷெட்டுக்குள் அல்ல, வெளியே கொண்டு வந்து.

புளோயர் அடைத்தால் கை விடாதீர்கள். இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒவ்வொரு குளிர்காலமும் விரல்கள் போகின்றன. எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டு போகும் பி.டி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்து, எல்லாம் அசையாமல் நின்ற பிறகு குச்சியால் குத்துங்கள். ஐஸ் கட்டியில் சிக்கி நின்ற, பனியை உள்ளே இழுக்கும் திருகுக்குள் முறுக்கம் மிச்சமிருக்கும், கட்டி விடுபட்டதும் ஒரு கால் சுற்று சுற்றிவிடும். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது. கழுத்தில் தொங்கும் மஃப்ளரின் நுனி அதில் மாட்டினால் யோசிக்க நேரம் இருக்காது, அதனால் தொங்கும் எதையும் அணியாமல் உட்காருங்கள், தண்டின் மேல்மூடி உடைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கல்லோ கட்டையோ சிக்கினால் ஷியர் போல்ட் உடையும், கியர் பாக்ஸைக் காப்பாற்ற உடைவதற்கென்றே அது இருக்கிறது. உடைந்ததும் கையில் கிடைத்த கெட்டியான போல்ட்டை மாட்டினால் அடுத்த முறை உடைவது கியர் பாக்ஸாக இருக்கும். அதே ரகத்தில் நாலைந்தும், ஒரு ஸ்பேனரும் வண்டியிலேயே கிடக்கட்டும்.

தள்ளி முடித்த பிறகு மிஞ்சும் மெல்லிய ஐஸுக்கு உப்பு போடுவது வழக்கம். சாதாரண உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வேலை செய்யாது, அந்தக் குளிரில் கரடுமுரடான மணலோ பொடிச் சல்லியோ தூவுவதுதான் புத்திசாலித்தனம், சரளைப் பாதையில் சல்லி கலந்தால் நஷ்டமும் இல்லை. உப்பு பட்ட வண்டியை வெயில் வரும் நாளில் கழுவி, கிரீஸ் போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது உருகும் காலத்துக்கு. டிரைவ்வேயின் கீழே குறுக்காகத் தண்ணீர் போகும் குழாய் இருந்தால் அதன் இரண்டு வாயிலும் முதலிலேயே உயரமான குச்சி நட்டு, குளிர்காலம் முழுக்க அங்கே எதையும் தள்ளாமல் விட்டுவிடுங்கள். குவியல்கள் உருகத் தொடங்கும் வாரத்தில் பக்கெட்டோடு போய் அந்த வாய்க்கு முன்னால் ஒரு சின்ன வாய்க்காலும் வெட்டிவிட்டால் தண்ணீர் குழாய் வழியே போகும். அடைபட்டிருந்தால் பாதையின் மேலே ஏறி, மாதக்கணக்கில் நீங்கள் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய சரளையை ஒரே மத்தியானத்தில் அரித்துக்கொண்டு போய்விடும்.